கோஸ்டா ரிகா: பஸ்ஸா, ஷட்டில் வேனா, வாடகைக் காரா?

கோஸ்டா ரிகாவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "கார் எடுக்கலாமா, பஸ்ஸிலேயே சமாளித்துவிடலாமா?" என்றுதான். மொத்தப் பயணத்துக்கும் ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டால் பணமோ நேரமோ வீணாகும். போகிற ஊரைப் பார்த்து வண்டியை மாற்றிக்கொள்வதுதான் சரி.

செலவு என்று பார்த்தால் பஸ்ஸை மிஞ்ச எதுவும் இல்லை. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து எரிமலை ஊரான லா ஃபோர்த்துனா, மலைக்காட்டு ஊரான மோந்தேவெர்தே, கடற்கரை ஊரான மனுவேல் அந்தோனியோ மூன்றுக்கும் சுமார் 10 டாலரிலேயே போய்விடலாம். ஆனால் சான் ஹோசேயில் எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு பஸ் நிலையம் கிடையாது. லா ஃபோர்த்துனா, மோந்தேவெர்தே பஸ்கள் '7-10' என்ற பெயருள்ள டெர்மினலில். மனுவேல் அந்தோனியோவுக்கு டிராகோபா டெர்மினல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டாக்சிதான். டிக்கெட் எடுக்கும்போது, நேராகப் போகும் 'டிரெக்டோ'வா என்று கேளுங்கள். 'கொலெக்டிவோ' என்றால் வழியெல்லாம் நின்று நின்றுதான் போகும். பாஸ்போர்ட் இருக்கும் பையைத் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்காதீர்கள், மடியிலேயே இருக்கட்டும்.

ஷட்டில் வேன் ஹோட்டல் வாசலில் ஏற்றி, அடுத்த ஹோட்டல் வாசலில் இறக்கும். தலைக்குச் சுமார் 50, 60 டாலர். தனியாகப் போகிறவருக்கு நல்ல ஏற்பாடு. நான்கு பேர் குடும்பம் என்றால் ஒரு தடவைக்கே 200 டாலர் தாண்டிவிடும், அதற்குக் காரே மேல்.

லா ஃபோர்த்துனாவிலிருந்து மோந்தேவெர்தே போவது தனிக் கதை. வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் அரெனால் ஏரி. சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு திலரான் வழியாகப் போகிறது. கரடுமுரடான மலைப்பாதை, காரில் நான்கு மணி நேரம் வரை ஆகும். பஸ் என்றால் திலரானில் மாறி ஏற வேண்டும், ஒரு பகலே போய்விடும். இங்கே வேன்-படகு-வேன் சேவைதான் என் தேர்வு. ஏரிக்கரை வரை வேன், ஏரியைப் படகில் கடந்தால் அக்கரையில் இன்னொரு வேன், எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். வானம் தெளிந்திருந்தால் படகிலிருந்து அரெனால் எரிமலை முழுதாகத் தெரியும்.

அப்புறம் கார். இணையத்தில் காட்டும் வாடகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு இங்கே கட்டாயம். கிரெடிட் கார்டு தரும் காப்பீடு அதற்கு ஈடாகாது. அதையும் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பதிவு செய்யுங்கள். நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் வலப்பக்கம் என்பதும் புதிது. வருஷம் முழுக்க ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், பிற்பகலில் கொட்டும். மலைச்சாலையில் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து, அதனால் காலையிலேயே கிளம்பி நாலு மணிக்குள் ஊர் சேர்வது நல்லது. கடற்கரையில் நிறுத்தும்போது வண்டிக்குள் ஒரு பைகூட இருக்கக் கூடாது, கண்ணாடியை உடைத்து எடுத்துப்போவது சகஜம்.

இவ்வளவு இருந்தும், குவானகாஸ்தே, நிக்கோயா தீபகற்பம் பக்கம் கடற்கரை கடற்கரையாகச் சுற்ற கார்தான் வேண்டும். கடற்கரை ஊர்களை இணைக்கும் பஸ் அங்கே குறைவு. குவானகாஸ்தேயிலேயே உள்ள லைபீரியா நகர விமான நிலையத்தில் இறங்கி அங்கேயே கார் எடுத்தால், சான் ஹோசே நெரிசலில் ஓட்ட வேண்டிய தேவையே வராது.

ஆமைகள் முட்டையிடும் தோர்த்துகேரோவுக்கோ சாலையே கிடையாது. கார் வைத்திருந்தாலும் லா பவோனாவில் நிறுத்திவிட்டுப் படகு ஏற வேண்டும். வாடகையும் ஓடும், நிறுத்தக் கட்டணமும் ஏறும். அந்த நாட்களைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, முடித்த பிறகு கார் எடுங்கள்.

தெற்கே ஓசா தீபகற்பத்துக்கு மட்டும் சான்சா நிறுவனத்தின் சிறு விமானத்துக்குச் செலவு செய்யலாம். சாலையில் ஒரு பகல் பிடிக்கும் தூரம், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பெட்டியின் எடைக்கு வரம்பு உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.