நிற்கும் செயற்கைக்கோளா, ஓடும் செயற்கைக்கோளா?

போன மழையில் எங்கள் மொட்டைமாடி டிடிஎச் டிஷ் கொஞ்சம் அசைந்துவிட்டது. சரிசெய்ய வந்த தம்பி மாடியில் நின்று "இப்ப? இப்பண்ணே?" என்று கத்த, நான் கீழே டிவியில் சிக்னல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரற்கடை தென்கிழக்கே திருப்பியதும் படம் வந்துவிட்டது. இனி அதைத் தொட வேண்டியதில்லை. காரணம், அது பார்க்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுகிறது. நமக்கு அது நிற்பதாகத்தான் தெரியும்.

இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வேறு ரகம். சுமார் 550 கி.மீ. உயரம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. நம் தலைக்கு மேல் சில நிமிடம்தான் இருக்கும், அதற்குள் அடுத்தது வந்து வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் ஏவுகிறார்கள். ஒவ்வொன்றின் ஆயுளும் ஐந்து வருடம் போல. உயரத்தில் நிற்பவை பதினைந்து வருடம்கூட உழைக்கும்.

டிவிக்கு நிற்பதுதான். ஒன்றே ஒன்று நாடு முழுக்கப் படம் காட்டிவிடும். ஆனால் அந்த ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கும். 2010 ஜூலையில் இன்சாட்-4பியின் சூரியத்தகடு ஒன்றில் கோளாறு வந்தது. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் வேறு செயற்கைக்கோளுக்கு மாற, வீடுவீடாக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதாயிற்று.

புயல் நேரத்திலும் நிற்பதற்கே என் ஓட்டு. நிற்கும் வானிலைக்கோளான இன்சாட்-3டிஆர் அரை மணிக்கொரு முறை வங்கக்கடலைப் படமெடுக்கும். தாழப் பறக்கும் வானிலைக்கோள் ஒன்று, நெருங்கிப் பார்த்தாலும், ஓரிடத்துக்கு நாளைக்கு இரண்டு முறைதான் வரும்.

இன்டர்நெட் என்றால் கதை தலைகீழ். அவ்வளவு உயரம் போய்த் திரும்ப சிக்னலுக்குக் கால் நொடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. வீடியோ காலில் நாம் "ஹலோ" என்று சொல்லி, பதில் வராமல் மறுபடி "ஹலோ" என்போம். அப்போதுதான் முதல் ஹலோவுக்குப் பதில் வரும். இரண்டு பேரும் சேர்ந்து பேசி, சேர்ந்து நிறுத்துவோம். 550 கி.மீ. தூரத்தில் இந்தக் கூத்து இல்லை.

மழை கொட்டினால் இரண்டுமே திணறும், அதில் பாகுபாடு கிடையாது.

எங்கள் தெருவில் ஃபைபர் வந்துவிட்டதால் நெட்டுக்கு எனக்கு இரண்டுமே வேண்டாம். கேபிள் எட்டாத மலை எஸ்டேட்டில் இருந்தால் ஓடுவதைத்தான் கேட்பேன். டிவிக்கு மாடி டிஷ் போதும். நட்டை மட்டும் இந்த முறை நன்றாக இறுக்கச் சொல்லிவிட்டேன்.