ஊட்டி, குன்னூரில் ‘30 நாளில் 1000 இடியம்’ வகுப்பு: பணம் கட்டுமுன் கவனம்

ஏப்ரல், மே சீசனுக்கு முன்னால் காட்டேஜ், ஹோம்ஸ்டே வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் குறிவைத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் முளைக்கின்றன. குன்னூரில் அப்படி ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் நாளே முழுப் பணத்தையும் கட்டினார்கள். கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் புத்தகம். ஆசிரியர் மாறினார், பிறகு வகுப்பே நின்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள்: ‘கட்டணம் திருப்பித் தரப்படாது.’

பணம் போனதைவிட அந்தப் புத்தகம் செய்யும் கேடு பெரிது. ஆங்கிலம் கற்பிக்கும் நாங்கள் அதை வரிவரியாகப் பார்த்தோம். இடியம் (சொல்லுக்குச் சொல் அர்த்தம் கொள்ள முடியாத மரபுத்தொடர்), எதிரே தமிழ் அர்த்தம், அவ்வளவுதான். யார் யாரிடம் எப்போது சொல்வது என்ற குறிப்பே இல்லை. ‘கிக் த பக்கெட்’ என்றால் இறந்துபோவது என்று போட்டிருக்கிறது. சொந்தக்காரரை இழந்த கெஸ்ட்டிடம் அதைச் சொன்னால் இறந்தவரைக் கேலி செய்ததாகிவிடும். அங்கே ‘பாஸ்டு அவே’தான் சரி. ‘புல்லிங் மை லெக்ஸ்’ என்று அச்சிட்டு, எதிரே ‘காலை வாருதல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது ‘லெக்’, ஒருமை. துரோகமும் இல்லை, விளையாட்டாகச் சீண்டுவது. ‘என்னைச் சீண்டுகிறாயா’ என்று கெஸ்ட் சிரித்துக்கொண்டே கேட்டதைப் பழி சொன்னதாக நினைத்து இந்தப் பிள்ளை முகம் சுருங்கி நிற்கும். கொட்டும் மழையைச் சொல்லும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றைய பேச்சில் அது அபூர்வம்.

ரிசப்ஷனில் தினமும் காதில் விழுவது வேறு. கொஞ்சம் பொறுங்கள் என்பதற்கு ‘பேர் வித் மீ’, உங்கள் விருப்பம் என்பதற்கு ‘இட்ஸ் அப் டு யூ’. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஆர் ஃபுல்’ என்பதில் பயம் எதுவும் இல்லை, ரூம் காலியில்லை என்பதைப் பணிவாகச் சொல்வது. இவை அந்த 1000இல் இல்லவே இல்லை.

நாளுக்கு 3 தொடர் போதும். ஒவ்வொன்றையும் உங்கள் வேலையில் வரும் 2 வாக்கியங்களில் வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகள் இணையத்தில் இலவசம். ‘இன்ஃபார்மல்’ (நெருங்கியவர்களிடம் பேசுவது), ‘ஓல்ட் ஃபேஷன்ட்’ (பழைய வழக்கு) என்ற குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

சேர்வதானால் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மாதத் தவணையில் மட்டும் கட்டுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பர நோட்டீஸையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.