கொழும்பில் மழைப்படம் பார்க்கப் பழக: செய்மதியா, ராடரா?

வானிலைப் படங்களை வாசிக்கப் பழக ஆசைப்படுபவர்கள் முதலில் தேடுவது ராடரைத்தான். செய்மதி காட்டுவது மேகத்தை, ராடர் காட்டுவது மழையை, ஆசை நியாயமானதே. ஆனாலும் கொழும்பில் இருப்பவர் செய்மதியில் தொடங்குவதே நல்லது என்பேன்.

காரணம் தூரம். இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் ராடர் படம் யாருக்கும் பார்க்கக் கிடைக்கிறது. ஆனால் காரைக்கால் நமக்கு 400 கிலோமீற்றருக்கும் அப்பால். ராடர் கதிர் தூரம் போகப் போகத் தரையைவிட்டு உயர்ந்துவிடும். 250 கிலோமீற்றரில் அதன் தாழ்ந்த கதிரே கிட்டத்தட்ட 6 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். கொழும்பு அந்த எல்லைக்குள்ளேயே வராது. கைபேசிச் செயலியில் கொழும்புக்கு மேல் பச்சையும் சிவப்பும் தெரிந்தால், அது உண்மையான ராடரா, செய்மதியை வைத்துக் கணித்ததா என்று முதலில் பாருங்கள்.

சரி, எந்தச் செய்மதி? ஜப்பானின் ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தரும். இந்தியாவின் இன்சாட் செய்மதி ஒவ்வொன்றும் வழக்கமாக அரை மணிக்கு ஒன்றுதான்; அகச்சிவப்பில், அதாவது மேகத்தின் வெப்பநிலையைக் காட்டும் படத்தில், அதன் ஒரு புள்ளியே 4 கிலோமீற்றர் அகலம். ஹிமாவாரியே மேல் என்று தோன்றும். ஆனால் அது நிற்பது 140.7 பாகை கிழக்கில், நம்மைச் சரிவாகத்தான் பார்க்கிறது. அதனால் உயரமான மேகம் உண்மையான இடத்திலிருந்து மேற்கே தள்ளித் தெரியும். 12 கிலோமீற்றர் உயர இடிமேகம் என்றால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தள்ளும்: கிழக்கே ஹங்வெல்லவில் கொட்டும் மழை கொழும்புக் கோட்டைக்கு மேல் நிற்பதுபோல இருக்கும்! இன்சாட் செய்மதிகள் 74, 82 பாகைகளில், ஏறக்குறைய நம் தலைக்கு மேலே. இடம் அறிய இன்சாட், மேகம் வளரும் வேகத்துக்கு ஹிமாவாரி. ஒன்றுதான் என்றால் நான் இன்சாட்டை எடுப்பேன்.

அகச்சிவப்புப் படம் இரவு பகல் எப்போதும் கிடைக்கும். அதில் வெள்ளை என்றால் மேகத்தின் உச்சி குளிர்ந்தது என்று அர்த்தம், மழை என்று அல்ல. மெல்லிய கீற்று மேகமும் வெள்ளையாகத் தெரியும், துளி விழாது. மாறாக, தென்மேல் பருவத்தில் உயரம் குறைந்த மேகம் படத்தில் வெறும் சாம்பலாக இருந்துகொண்டே நன்றாகப் பெய்யும். ஆகவே ஒக்டோபர், நவம்பரில் பழகத் தொடங்குங்கள். பிற்பகல் இடிமேகம் ஒரு சிறு வெள்ளைப் பொட்டாகத் தோன்றி விரிவது அப்போது தெளிவாகத் தெரியும். பகலில் கட்புலப் படத்தையும், அதாவது வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதுபோல எடுத்த படத்தையும், பக்கத்தில் வையுங்கள். திரண்ட மேகம் நிழல் விழுத்தும், கீற்று மேகத்தின் ஊடே கரை தெரியும்.

அப்புறம் ராடர். காரைக்காலிலிருந்து பருத்தித்துறை 130 கிலோமீற்றர் அளவுதான். வடக்கே சொந்தக்காரர் இருந்தால், படத்தில் நிறம் நெருங்கும்போது ஒரு அழைப்பு எடுத்து "அங்க மழையோ?" என்று கேளுங்கள். ராடர் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. படத்தின் நிறங்கள் மழையில் பட்டுத் திரும்பும் ராடர் கதிரின் பலத்தைக் காட்டும்; அதன் அளவு டெசிபெல் (dBZ). 20 டெசிபெல் என்றால் தூறல். 40 என்றால் மணிக்கு 10 மில்லிமீற்றர் அளவு. 50 தாண்டினால் பெரும்பாலும் இடியோடு கூடிய அடைமழை. கடலோரத்தில் அசையாமல் நிற்கும் புள்ளிகளை மட்டும் மழையென்று எடுக்க வேண்டாம்.

எந்தப் படமானாலும் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் உலக நேரமே இருக்கும். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 09:00 என்று போட்டிருந்தால் அது பிற்பகல் இரண்டரை மணிப் படம்.