பில்லில் கிராண்ட் பியானோ, ஃபைலில் சாம்பிள்: தனியாக ஆல்பம் போடுகிறவர்கள் கவனத்துக்கு

லேபிள் எதுவும் இல்லாமல், சொந்தப் பாட்டுகளைப் பியானோவும் குரலுமாகப் பதிவு செய்ய வருகிறவர்களைப் பார்த்தே நடத்தப்படும் ஒரு ஏமாற்று இருக்கிறது. அண்மையில் ஒரு பாடகியின் பத்துப் பாட்டு ஆல்பத்தில் அது நடந்தது. ஸ்டூடியோவின் பெயர் வேண்டாம். செய்த விதம் தெரிந்தால் போதும்.

பில்லில் இருந்தவை: கிராண்ட் பியானோ, டியூனிங், நான்கு மைக், மிக்ஸிங், மாஸ்டரிங். நடந்தது வேறு. பாடகியை ஒரு டிஜிட்டல் பியானோவில், வழிகாட்டியாக மட்டும் இருக்கும் ‘கைடு’ வாசிக்கச் சொன்னார்கள். "அசல் பியானோவில் எங்கள் ஆள் வாசித்துவிடுவார், நீங்கள் வர வேண்டாம்" என்றார்கள். கடைசியில் பாட்டுக்கு ஒரே ஒரு ஸ்டீரியோ பியானோ ஃபைல் வந்தது. கைடின் மிடியையே (எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினார் என்ற பதிவையே) எடுத்து, தாளத்தை நேராக்கி, ஒரு சாம்பிள் லைப்ரரியில் (முன்பே பதிவு செய்து வைத்த பியானோ ஒலிகளின் தொகுப்பில்) ஓட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் பாடகியின் இடது சுண்டுவிரல் பக்கத்துக் கட்டையை லேசாக உரசியிருந்தது. ‘எங்கள் ஆள்’ வாசித்ததிலும் அதே இடத்தில், அதே உரசல்.

சாம்பிள் பியானோ குற்றமில்லை. நல்ல லைப்ரரி, மோசமான நிஜப் பியானோவை விட எவ்வளவோ மேல். வாசிக்காததற்குப் பில் போட்டதும், ஆல்பத்தில் ‘அக்கூஸ்டிக் பியானோ’ என்று போட வைத்ததும்தான் மோசடி.

காதால் மட்டும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். பெடல் சத்தம், கட்டை மேலே எழும் சத்தம், டேம்பர் (கம்பியின் அதிர்வை அடக்கும் பகுதி) கம்பியை விட்டு எழும்போது வரும் மெல்லிய ‘ஹ்ஹ்’ எல்லாம் இப்போது லைப்ரரியிலேயே வருகின்றன. ஒரு சோதனை மட்டும் சில நேரம் பலன் தரும். பாப் பாட்டில் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) தொடர்ந்து தட்டிக்கொண்டே போகிற இடங்கள் நிறைய இருக்கும். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) இல்லாத பியானோ ஃபைலில், பெடல் போடாத அப்படி ஓர் இடத்தில், ஒரே தாளச் சுற்றுக்குள் வரும் இரண்டு தட்டுகளை வெட்டி எடுங்கள். இரண்டு டிராக்கில் வைத்து, அலையின் முனை முனையோடு பொருந்தும்வரை நகர்த்துங்கள். ஒன்றின் அலை மேல் கீழாக மாறும்படி அதன் போலாரிட்டியைத் திருப்பிவிட்டு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மனிதக் கை அசல் கம்பியில் அடித்த இரண்டு தட்டுகள் ஒருநாளும் ஒன்றையொன்று அழிக்காது, மிச்சம் கணிசமாகக் கேட்கும். ஏறக்குறைய மௌனமாகிவிட்டால் அது ஒரே சாம்பிள். ஆனால் அழியவில்லை என்பதற்காக அசல் என்று முடிவு கட்டாதீர்கள். லைப்ரரி ஒரே சுரத்துக்குப் பல பதிவுகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும், தட்டின் வேகமும் 1 முதல் 127 வரை மாறும். இன்னொன்று, பல்லவியோடு பல்லவியை ஒப்பிடாதீர்கள். அசல் பதிவிலும் எடிட்டர் ஒரு பல்லவியையே வெட்டி ஒட்டியிருப்பார், அதுவும் அழியும்.

உறுதியான ஆதாரம் வெட்டாத டேக்தான், அதாவது ஒரு தரம் வாசித்துப் பதிவானது அப்படியே. அதில் எண்ணிக்கை சொல்லும் குரல், நாற்காலி முனகல், பாதியில் நிறுத்தியது, ‘இன்னொரு தரம்’ என்றது எல்லாம் ஒவ்வொரு மைக் ஃபைலிலும் அந்தந்த மைக்கின் தூரத்துக்கு ஏற்ப விழுந்திருக்கும். ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட். பியானோவிலிருந்து 3 மீட்டர் தள்ளி அறை மைக் வைத்தோம் என்றால் அதன் ஃபைலில் பியானோ ஒலி, பியானோவை ஒட்டி வைத்த மைக்கைவிட 9 மில்லிசெகண்ட் அளவுக்குப் பின்தங்கி வர வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து போலியாகச் செய்வதைவிடப் பியானோவையே பதிவு செய்துவிடலாம்.

‘மல்டிடிராக் எல்லாம் அனுப்பிவிட்டோம்’ என்று, அதாவது ஒவ்வொரு மைக்கின் ஃபைலும் தனித்தனியாக இருப்பதாக, லிங்க் வந்தால், திறக்கும் முன்பே அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி. நான்கு நிமிடப் பாட்டில் நான்கு பியானோ மைக் என்றால் ஒரு டேக்குக்கே 138 எம்பி. பத்துப் பாட்டுக்குப் பியானோ மட்டும் 1.4 ஜிபி. 200 எம்பியில் மொத்த ஆல்பமும் வந்திருக்கிறது என்றால் வந்தது முழு மல்டிடிராக் இல்லை, பெரும்பாலும் எம்பி3.

இனி, பியானோ நிஜமாகவே இருந்தும் வேலை கெடுவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் டியூனிங்.

பியானோவின் பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று கம்பிகள். மூன்றும் ஒன்றாக நின்றால்தான் பெடலை அழுத்தி வைக்கும்போது நாதம் தெளிவாக நீளும். நடு ஏ சுரத்தில் ஒரு கம்பி வெறும் ஒரு சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) விலகினாலே நான்கு செகண்டுக்கு ஒரு அலைவு (சத்தம் ஏறி இறங்குவது) கேட்கும். மெதுவான பாட்டில், கடைசிக் கார்டு தேயும்போது அது அப்பட்டமாகத் தெரியும். மிக்ஸிங்கில் சரிசெய்ய வழியே இல்லை. அதனால் டியூனர் பதிவு நாளன்றே வர வேண்டும், பதிவின்போது இருக்கப்போகும் அதே ஏசி அளவில் அறை சில மணி நேரம் இருந்த பிறகு. ஈரப்பதம் ஏறினால் சவுண்ட்போர்டு என்ற மரப்பலகை உப்பிச் சுருதி ஏறும், வறண்டால் இறங்கும். காலையில் சுருதி சேர்த்துவிட்டுப் பிறகு ஏசியைப் போடுகிற ஸ்டூடியோ, சுருதி சேர்க்காத ஸ்டூடியோதான். இடைவேளையில் நடுக் கட்டைகளைத் தொட்டுப் பார்க்க டியூனர் மறுபடி வருவாரா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

பல வருடம் கவனிக்காமல் கிடந்த பியானோவை அன்று காலைதான் 440க்கு (நடு ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதிக்கு) ஏற்றினார்கள் என்றால் இன்னும் ஆபத்து. கம்பிகளின் மொத்த இழுவிசை டன் கணக்கில் இருக்கும். ஒட்டுமொத்தமாக ஏற்றினால் அது நிலைப்பதற்குள் மதியமே இறங்க ஆரம்பித்துவிடும். கடைசியாக எப்போது டியூன் செய்தார்கள் என்ற கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

சுருதி ஏற்றும் வேலையைத் தவிர்க்க, பியானோவை இருக்கும் 438இலேயே விட்டுச் சேர்க்கிறவர்களும் உண்டு. அது தவறில்லை, சொல்லிவிட்டால். 438க்கும் 440க்கும் சுமார் 8 சென்ட் வித்தியாசம். சொல்லாமல் விட்டால், குரலைத் திருத்தும் மென்பொருள் 440ஐ வைத்துக் குரலை நேராக்கும். பிறகு ஆல்பம் முழுவதும் குரல் பியானோவுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ‘பாடகிக்குச் சுருதி நிற்கவில்லை’ என்று பழி மட்டும் பாடகிக்கு.

மாஸ்டரிங் என்ற பெயரில் நடப்பது பாதி இடங்களில் லிமிட்டரை ஏற்றி, உச்சங்களை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டுவதுதான். ஸ்பாட்டிஃபை இயல்பாக –14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஒலியைச் சமன் செய்கிறது. –7க்கு நசுக்கிய பியானோ ஆல்பத்தை அது 7 டெசிபல் குறைத்துவிடும். சத்தமும் கிடைக்காது, சுத்தியல் கம்பியில் படும் அந்த முதல் அடியும் போய்விடும். யூலீன் போன்ற இலவச லவுட்னஸ் மீட்டரில் நீங்களே பாருங்கள். ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) –1 டெசிபலுக்கு மேல் போயிருந்தால் திருப்பி அனுப்புங்கள். வேவ் (சுருக்காத ஒலி) ஃபைல் என்று வந்ததை ஸ்பெக் என்ற இலவச நிரலில் போட்டு, மேல் அலைவரிசை 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து அறுத்ததுபோல் நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் பெரும்பாலும் எம்பி3க்கு வேவ் சட்டை மாட்டியிருக்கிறார்கள்.

அந்த ஸ்டூடியோவே ‘ப்ரமோஷன் பேக்கேஜ்’ ஒன்றும் விற்றது. இவ்வளவு ஸ்ட்ரீம் உறுதி என்று யார் சொன்னாலும் அது பாட் (ஆள் இல்லாமல் தானாக ஓட்டிக் கேட்கும் நிரல்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பட்டமான செயற்கை ஸ்ட்ரீம் பிடிபட்டால் 2024 முதல் ஸ்பாட்டிஃபை, பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரிடம் டிராக் கணக்கில் அபராதம் வசூலிக்கிறது. அது உங்கள் தலையில்தான் இறங்கும், பாட்டும் நீக்கப்படலாம். ஸ்பாட்டிஃபையின் ஆட்களே தொகுக்கும் எடிட்டோரியல் பிளேலிஸ்ட்டுக்கு அனுப்புவது ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ கணக்கிலிருந்து இலவசம். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்ப வேண்டும்.

பேசும்போதே எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்தப் பியானோ, எந்த அறை, டியூனிங் எந்த நேரம், எந்தச் சுருதியில். பியானோ வாசிக்கும்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்பது. ஒவ்வொரு மைக்கும் தனி ஃபைலாக, எஃபெக்ட் இல்லாமல், எல்லாம் ஒரே பூஜ்ய நேரத்தில் தொடங்கி, வெட்டாத டேக்குகளோடு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில், பதிவு நாள் முடிந்த அன்றே. பதிவின் உரிமை உங்களுக்கு, வாசித்தவரின் கையெழுத்தோடு. கடைசித் தவணை, ஃபைல்களை உங்கள் கணினியில் திறந்து பார்த்த பிறகு.

ஆல்பத்தைத் தங்கள் விநியோகஸ்தர் கணக்கிலேயே ஏற்றித் தருவதாக ஸ்டூடியோ சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே ஏற்றியாயிற்று என்றால், பாட்டை நீக்கச் சொல்வதற்கு முன் ஒவ்வொரு டிராக்கின் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணையும் (அந்தப் பதிவின் அடையாள எண்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே எண்களோடு, அதே மாஸ்டரை உங்கள் கணக்கில் ஏற்றி, புதியது தெரிய ஆரம்பித்த பிறகு பழையதை எடுக்கச் சொன்னால் ஸ்ட்ரீம் கணக்கு பெரும்பாலும் கூடவே வரும்.