எடை குறைக்கத் தொடங்குபவருக்கு சமையலறைத் தராசு: என் அனுபவ விமர்சனம்

எடையைக் குறைக்கணும், சாப்பாட்டை ஒழுங்காக்கணும் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் வாங்குவது புரதப் பொடி, இல்லையென்றால் கொழுப்பைக் கரைக்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் ஏதாவது ஒரு மாத்திரை, அதுவும் இல்லையென்றால் மாதச் சந்தா கட்டும் ஒரு ஆப். என்னைக் கேட்டால் இதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும், 5 கிலோ வரை தாங்கும் தட்டையான டிஜிட்டல் தராசு ஒன்றை முதலில் வாங்குங்கள் என்பேன். பிராண்டு எதையும் சொல்லப்போவதில்லை. இந்த வகைத் தராசுகள் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான்: தட்டுக்கு அடியில் ஒரு உலோகத் துண்டு, அதில் ஒட்டிய மெல்லிய உணரி, எடை வைத்ததும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, அந்த வளைவால் மாறும் மின்தடையைக் கணக்குப் போட்டுத் திரையில் கிராமாகக் காட்டுகிறது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஆகவே பிராண்டைவிட, எதற்கு வாங்குகிறோம், எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

தராசு எதற்கு என்றால், சாப்பாட்டில் கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் தலா 4 கலோரி. இது எல்லாரும் படித்த கணக்குதான், ஆனால் தட்டில் பார்க்கும்போது யாருக்கும் நினைவு வராது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், அதில் ஏறக்குறைய 120 கலோரி. அதே 120 கலோரிக்கு வெள்ளரிக்காய் சாப்பிட வேண்டுமென்றால் முக்கால் கிலோவுக்கு மேல் வேண்டும். வாணலியில் எண்ணெயைக் கையளவில் ஊற்றுகிறவர் ஒருமுறை நான்கு கரண்டி ஊற்றுகிறாரா இரண்டு கரண்டி ஊற்றுகிறாரா என்பதில் 240 கலோரி வித்தியாசம் வருகிறது, ஆனால் சமைத்து முடித்த பண்டத்தைப் பார்த்தால் அந்த வித்தியாசம் துளியும் தெரியாது. கொட்டை வகைகளும் இப்படித்தான், பாதாம், நிலக்கடலை, முந்திரி எல்லாம் 100 கிராமுக்கு 550 முதல் 600 கலோரி வரை போகும். அவை கெட்ட உணவு என்று நான் சொல்லவே இல்லை, நல்ல உணவுதான், ஆனால் டப்பாவைத் திறந்து பேசிக்கொண்டே எடுத்துச் சாப்பிடுவதும் 30 கிராம் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு டப்பாவை மூடி வைப்பதும் வேறு வேறு சாப்பாடு.

இதை வெறும் சந்தேகமாகச் சொல்லவில்லை. 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவை எடுத்துக்கொண்டு அவர்கள் உடல் உண்மையில் செலவழித்த ஆற்றலை அளந்தார்கள். உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகத்தில் கோளாறு இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகவும், உடற்பயிற்சியை 51 சதவீதம் அதிகமாகவும் எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணளவு அப்படிப்பட்டது, யாருக்கும் அப்படித்தான். எவ்வளவு குறைத்தாலும் குறையவில்லை என்று மனம் நொந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவர்களுக்குக் குறைவாக இருந்தது மன உறுதி இல்லை, அளவு பற்றிய தகவல்.

சரி, பொருளுக்கு வருவோம். நல்ல தராசில் எனக்கு மிகவும் பிடித்தது டேர் பட்டன். கிண்ணத்தை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் ஆகிவிடும், அப்புறம் ஒவ்வொரு பொருளாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் பூஜ்யமாக்கிக்கொண்டே போகலாம், கூடுதலாக ஒரு பாத்திரம்கூட அழுக்காகாது. பலருக்குத் தெரியாத இன்னொரு வழி, கழித்து அளப்பது. எண்ணெய்ப் பாட்டிலையே தராசில் வைத்து டேர் அழுத்திவிட்டு, வழக்கம்போல வாணலியில் ஊற்றிவிட்டு, பாட்டிலைத் திரும்ப வையுங்கள். திரையில் மைனஸ் 17 என்று வந்தால் 17 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். தேன், வெண்ணெய், கடலை வெண்ணெய் மாதிரி கரண்டியில் ஒட்டிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் இதுதான் சரியான வழி. ஒரு நொடி வேலை, சமையலின் ஓட்டமும் கெடாது.

குறைகளும் உண்டு. கிராம் கிராமாக மெதுவாகப் போட்டால் பல தராசுகள் அதைக் கவனிக்காது. பூஜ்யத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அந்தச் சின்ன மாற்றத்தை விழுங்கிவிடும். உப்பு மாதிரி சின்ன அளவுகளுக்கு இதை நம்ப வேண்டாம். தானாக அணைந்துபோகும் நேரம் இன்னொரு தொல்லை, காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டால் டேர் செய்த கணக்கு போய்விடும், திரும்ப முதலிலிருந்து. பெரிய பாத்திரம் வைத்தால் திரையை மறைத்துவிடும் மாடல்கள் ஏராளம். மில்லிலிட்டர் என்று ஒரு அளவு இருக்கும், அது பெரும்பாலும் தண்ணீரின் அடர்த்தியை வைத்துப் போட்ட கணக்கு, எண்ணெய்க்குப் பொருந்தாது, கிராமிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாணய பேட்டரி போடும் மாடலைவிட சாதாரண பென்சில் பேட்டரி போடுவது வசதி. போனோடு இணையும் தராசு ஒன்றும் கொஞ்ச காலம் என்னிடம் இருந்தது. எடை பார்க்கக் கணக்குத் தொடங்கு, அனுமதி கொடு, புதுப்பி என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது கேட்டது, பசியோடு அடுப்படியில் நிற்கும்போது அதற்குப் பொறுமை இருக்காது. சும்மா திரை மட்டும் உள்ளதே போதும்.

வாங்கியவுடன் கலோரியைக் குறைக்காதீர்கள். இதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. முதல் சில நாட்களுக்கு வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, அந்தச் சாப்பாட்டின் எடையை மட்டும் எழுதுங்கள். எங்கே அதிகம் போகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும், பெரும்பாலும் அது எண்ணெய், இனிப்புப் பானம், நொறுக்குத்தீனி என்று இரண்டு மூன்று இடங்களில்தான் இருக்கும், அந்த இடங்களை மட்டும் தொட்டால் போதும். மீதிச் சாப்பாட்டை அப்படியே விடலாம். பச்சையாக அளக்கிறோமா வேகவைத்து அளக்கிறோமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். 100 கிராம் அரிசியில் சுமார் 360 கலோரி, 100 கிராம் சோற்றில் சுமார் 130, நடுவில் சேர்ந்தது தண்ணீர். வெந்ததை அளந்துவிட்டுப் பச்சைக்கான கணக்கைப் போட்டால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

சாப்பாட்டைக் குறைப்பதற்கு மட்டும் தராசைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் பாதிப் பலனை இழக்கிறார்கள். கூட்ட வேண்டியதையும் அளக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிடச் சொல்கிறது, உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் சேராது. 400 கிராம் என்றால் எவ்வளவு என்று ஒருமுறை தட்டில் வைத்துப் பாருங்கள், நாம் தொட்டுக்கொள்ளும் அளவுக்கும் அதற்கும் உள்ள தூரம் புரியும். பருப்பு, முட்டை, மீன் மாதிரி புரதம் உள்ளவையும் அப்படித்தான், போதுமான அளவு இருந்தால் பசி தாங்கும், எடை குறையும்போது தசை கரைவதும் மட்டுப்படும்.

ஆனால் தராசால் முடியாத ஒன்று இருக்கிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு என்று கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி அமைத்து, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. பாக்கெட் தீனியைக் கிராம் கணக்கில் அளந்து சாப்பிடுவதைவிட, வாங்கும் பொருளையே மாற்றுவது எளிது. அந்த வேலையைத் தராசு செய்யாது, கடையில் நாம்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு வேகமாகக் குறையும் என்று கேட்பவர்களுக்கு: வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை என்பது மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் வேகம், அரை கிலோவுக்குக் கீழே போனாலும் தவறில்லை. முதல் வாரத்தில் சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். அப்புறம் வேகம் குறையும், உடல் சிறிதாகும்போது அதற்குத் தேவையான ஆற்றலும் குறைகிறது, அதனால் ஒரு கட்டத்தில் முள் நகராமல் நிற்பது இயல்புதான். அந்த நேரத்தில் சாப்பாட்டை இன்னும் பாதியாக வெட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியத் தொடங்கும்.

யார் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டைப் பற்றிய பயமோ, பட்டினி கிடப்பதும் பிறகு அள்ளித் தின்பதுமான பழக்கமோ முன்பு இருந்தவர்கள், எண்களைப் பார்த்தால் மனம் கலங்குகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம், அவர்களுக்கு இது கெடுதல்தான் செய்யும். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள், மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தாங்களாக எடை குறைக்கும் வேலையில் இறங்கக் கூடாது.

மற்றவர்களும் இதை ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவளத்தையும் நிறுக்கத் தேவையில்லை. கண்ணும் கையும் பழகும் வரை பயன்படுத்துங்கள், பிறகு எண்ணெய்க்கும் கொட்டைகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம், மற்றவற்றை எப்போதாவது சரிபார்த்தால் போதும். விருந்துக்குப் போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போகாதீர்கள், அந்த ஒரு வேளையால் எதுவும் ஆகிவிடாது.

வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை: சமமான மேடையில் வைத்து, காலி அளவுக் குவளையை வைத்து டேர் செய்து, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், 500 கிராமுக்கு மிக அருகில் காட்ட வேண்டும். பத்து இருபது கிராம் தள்ளியிருந்தால், முதலில் குவளையின் அளவுக்கோட்டைக் கண் மட்டத்தில் வைத்து இன்னொரு முறை பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தராசே வேண்டாம் என்று நினைப்பவர்கள் 15 மில்லி அளவுக் கரண்டி ஒன்று வாங்கி எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெயை மட்டும் அதில் அளந்து ஊற்றினாலே பெரிய இடம் ஒன்று அடைபட்டுவிடும்.