வேக எச்சரிக்கை வசதிகள்: எதை இயக்கலாம், எதை அணைக்கலாம்

வேக வரம்பை மீறியதற்கான அபராதச் சீட்டு கைக்கு வந்ததும் ஓட்டுநர்களிடையே எழும் விவாதம் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. கேமரா மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது என்பார்கள். அந்தச் சாலையில் எல்லோரும் அதே வேகத்தில்தான் போகிறார்கள் என்பார்கள். அரசுக்கு வருமானம் தேவைப்படுகிறது என்பார்கள். அண்மைக் காலமாக, செயலி எச்சரிக்கவே இல்லை என்பதும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. இந்தக் கடைசி முறையீடுதான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. வேக விஷயத்தில் ஓட்டுநருக்கு உதவுவதாகச் சொல்லும் வசதிகளை இன்று மூன்று வகையாகப் பிரிக்கலாம்: வழிகாட்டிச் செயலிகள் தரும் கேமரா எச்சரிக்கை, அதே செயலிகளும் புதிய கார்களும் தரும் வேக வரம்பு அறிவிப்பு, காரிலேயே இருக்கும் ஸ்பீடு லிமிட்டர் என்ற வேகக் கட்டுப்பாட்டு வசதி. மூன்றையும் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றினாலும், ஓட்டுபவரிடம் அவை எதிர்பார்ப்பது முற்றிலும் வேறு.

முதலில் கேமரா எச்சரிக்கை. வேஸ், கூகுள் மேப்ஸ் போன்ற செயலிகள் இதற்கான தகவலை நிலையாக நிறுவப்பட்ட கேமராக்களின் பட்டியலிலிருந்தும், அந்தச் சாலையில் சற்று முன்பு சென்ற பயனர்கள் பதிந்துவிட்டுப் போகும் குறிப்புகளிலிருந்தும் பெறுகின்றன. தொழில்நுட்பம் என்ற அளவில் குறை சொல்ல அதிகமில்லை. நிலையான கேமராக்களை அரிதாகவே தவறவிடுகின்றன. வேகத்தைக் குறைக்கப் போதிய தூரம் இருக்கும்போதே சொல்லிவிடுகின்றன. காவலர்கள் இடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ரேடார் கருவிகளைப் பற்றிய குறிப்புகள் மட்டும் நம்பத்தக்கவை அல்ல, ஏனென்றால் யாரோ பதிந்த பிறகு காவலர் கிளம்பிப் போயிருக்கலாம், அல்லது அவர் வந்து நின்றதை இன்னும் யாரும் பதியாமல் இருக்கலாம்.

ஆனால் என் ஆட்சேபம் துல்லியத்தைப் பற்றியது அன்று. இந்த வசதி எவ்வளவு சரியாக வேலை செய்கிறதோ அவ்வளவு தவறான பழக்கத்தை அது ஓட்டுநரிடம் வளர்க்கிறது. மேற்பார்வையாளர் நெருங்கும்போது மட்டும் குனிந்து எழுதும் தேர்வறை மாணவனைப் போல, குரல் கேட்டதும் பிரேக்கை மிதித்து, கேமராவைக் கடந்ததும் மீண்டும் ஆக்சிலரேட்டரை அழுத்தும் ஓட்டுமுறைக்கு அது வழி செய்கிறது. முன்னே செல்பவர் காரணமின்றித் திடீரென வேகம் குறைப்பது பின்னால் வருபவருக்கும் ஆபத்து. இரண்டு இடங்களுக்கிடையே வாகனம் எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் இந்தத் தந்திரத்தை ஏற்கெனவே பயனற்றதாக்கிவிட்டன. அவற்றின் முன் ஒரு நொடி பணிந்து பயனில்லை, முழுத் தொலைவுக்கும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும்.

கேமராக்கள் பெரும்பாலும் விபத்து நிகழும் இடங்களில்தான் வைக்கப்படுகின்றன, எனவே அங்கே வேகத்தைக் குறைக்கச் செய்யும் எச்சரிக்கையும் நன்மையே என்று இந்த வசதியை ஆதரிப்பவர்கள் வாதிடுகிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. 35 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2010இல் வெளியிட்ட மீளாய்வு, கேமராக்கள் உள்ள இடங்களின் அருகே விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டது. ஆனால் அந்தப் பயனைச் சில நூறு மீட்டருக்குள் அடைத்து வைப்பதற்கு நமக்கு ஒரு கருவி தேவையில்லை. இந்த வகையில் பிரான்ஸ் எடுத்த முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே 2012 முதல் கேமராவின் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதற்குத் தடை இருக்கிறது; அதற்குப் பதிலாக ஒரு நீண்ட சாலைப் பகுதியை ‘ஆபத்துப் பகுதி’ என்று மட்டுமே காட்டலாம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஓட்டும்போது கேமரா எச்சரிக்கையைப் பயன்படுத்துவதே சட்டமீறல். எல்லை கடந்து ஓட்டுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும், ஏனென்றால் அபராதத்தைத் தவிர்க்க வைத்திருந்த வசதியே அபராதத்தைக் கொண்டுவந்துவிடும்.

அபராதச் சீட்டைப் பற்றிய விவாதத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம், ‘பத்து கிலோமீட்டர்தானே கூடுதல்’ என்பது. அந்தப் பத்து கிலோமீட்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது இந்த வசதிகளை மதிப்பிடுவதற்கும் அவசியம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒன்றையும், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இருவர் முன்னும் ஒரே இடத்தில் ஒரு குழந்தை ஓடி வருகிறது. இரு ஓட்டுநர்களும் கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை நொடி எடுத்துக்கொள்கிறார்கள், உலர்ந்த சாலை, இரண்டும் நல்ல பிரேக். முதல் கார் சுமார் 35 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது காரோ பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளாகவே 25 மீட்டரைக் கடந்திருக்கும்; முதல் கார் நின்ற அதே புள்ளியை அது தாண்டும்போது இன்னும் மணிக்கு ஏறத்தாழ 43 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒருவருக்கு அது நெஞ்சு படபடக்க நின்ற ஒரு நொடி, மற்றவருக்கு அது விபத்து. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 20 சதவீதக் கூடுதல் வேகம் 44 சதவீதக் கூடுதல் ஆற்றலாகிறது. இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? பத்து கிலோமீட்டர் தூரத்தை ஒரு சிக்னலிலும் நிற்காமல் கடந்தால் இரண்டு நிமிடம் மிச்சம். சிக்னல்கள் உள்ள சாலையில் அந்த இரண்டு நிமிடமும் அடுத்த சிவப்பு விளக்கில் கரைந்துவிடும்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லோரும் அதே வேகத்தில்தான் போகிறார்கள் என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. அமெரிக்காவில் நெடுங்காலமாக, ஓட்டுநர்களில் 85 சதவீதம் பேர் எந்த வேகத்துக்கு மிகாமல் செல்கிறார்களோ அதையே வரம்புக்கு அடிப்படையாகக் கொள்ளும் முறை வழக்கத்தில் இருந்து வருகிறது. ஓட்டுபவர்களின் விருப்பத்தை அது அளக்கிறது. சாலையைக் கடக்கும் முதியவரின் விருப்பத்தை அது அளப்பதில்லை. எல்லோரும் ஒரே வேகத்தில் போவது அந்த வேகத்தைப் பாதுகாப்பானதாக்கிவிடாது.

இனி, வேக வரம்பு அறிவிப்பு. திரையின் மூலையில் அந்தச் சாலையின் வரம்பும் வாகனத்தின் வேகமும் அருகருகே தெரிகின்றன. வரம்பு தாண்டினால் எண் சிவப்பாகிறது. கேமராவோடு இதற்குத் தொடர்பே இல்லை என்பதுதான் இதன் சிறப்பு. யாரும் பார்க்காத இடத்திலும் அதே எண், அதே நிறம். எனக்கு இது உண்மையான உதவியாக இருந்திருக்கிறது, குறிப்பாக அறிமுகமில்லாத சாலையில் வரம்பு அடிக்கடி மாறும்போது.

இதைப் பயன்படுத்துவோர் ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். செயலி காட்டும் வேகமும் காரின் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஐக்கிய நாடுகளின் 39ஆம் எண் வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் பத்து சதவீதத்தோடு நான்கு கிலோமீட்டர் வரை. உண்மையில் 100இல் செல்லும் காரின் முள் 114 வரை காட்டினாலும் விதிப்படி அது சரியே. இதை அறிந்த சில ஓட்டுநர்கள், ஜிபிஎஸ் குறைவாகக் காட்டுகிறதே என்று அந்த இடைவெளியைக் கூடுதல் வேகத்துக்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜிபிஎஸ் வேகம் சீரான ஓட்டத்தில் நம்பத்தக்கது, ஆனால் வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் சற்றுப் பின்தங்குகிறது, சுரங்கப்பாதையில் தடுமாறுகிறது. அந்த இடைவெளியை ஒரு பாதுகாப்பு விளிம்பாக விட்டு வைப்பதே நல்லது.

வரம்புத் தகவலிலும் பிழைகள் உண்டு. நெடுஞ்சாலைக்கு இணையாகச் செல்லும் கிளைச்சாலையில் ஓட்டும்போது நெடுஞ்சாலையின் வரம்பைக் காட்டுவது இவற்றில் மிக ஆபத்தானது, ஏனென்றால் அந்தக் கிளைச்சாலையில்தான் மனிதர்கள் நடக்கிறார்கள். சாலைப்பணி நடக்கும் இடத்தில் வைக்கப்படும் தற்காலிகப் பலகையையும், பள்ளி நேரத்துக்கு மட்டும் பொருந்தும் வரம்பையும் பல நேரங்களில் செயலி அறிவதில்லை. திரையில் தெரியும் வேகம் தகவலுக்காக மட்டுமே, காரின் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூகுள் மேப்ஸின் உதவிப் பக்கமே சொல்கிறது. ஆகவே செயலி சொல்லவில்லை என்பது அபராதத்துக்கு எதிரான பதிலாக எந்த அதிகாரியின் முன்பும் நிற்காது, நிற்கவும் கூடாது. சாலையோரப் பலகையைப் பார்ப்பது ஓட்டுபவரின் வேலை. அதே நேரத்தில், பலகையே கிளைகளால் மூடப்பட்டிருந்தாலோ, சீட்டில் வேறொருவரின் வாகன எண் பதிவாகியிருந்தாலோ அதை எதிர்த்து முறையிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாது. சரியான அபராதத்தை ஏற்பவருக்குத் தவறான அபராதத்தை மறுக்கும் உரிமையும் முழுமையாக இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களிலும் இதே வேலையைச் செய்யும் வேக உதவி அமைப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. முன்புறக் கேமராவால் பலகைகளைப் படித்தும் வரைபடத்தைப் பார்த்தும் அது வரம்பை அறிகிறது. ஓட்டுநர் அதை அணைக்கலாம், ஆனால் அடுத்த முறை காரைக் கிளப்பும்போது தானாக விழித்துக்கொள்ளும். ஒலி, அதிர்வு, ஆக்சிலரேட்டர் மிதியின் எதிர்த்தள்ளல், வேகத்தைத் தானே குறைத்தல் ஆகியவற்றில் எதைத் தருவது என்பதைத் தயாரிப்பாளர் தேர்ந்தெடுக்கலாம். இவற்றில் ஒலி மிக மோசமானது என்பது என் கருத்து. தவறாகப் படித்த ஒரு பலகைக்காகக் கார் கத்தத் தொடங்கினால், ஓட்டுநர் ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் அதை அணைப்பதை வழக்கமாக்கிக்கொள்கிறார். பிறகு சரியான எச்சரிக்கையும் அவருக்குக் கிடைப்பதில்லை. காலுக்கு மட்டும் தெரியும் மிதியின் தள்ளல் அமைதியானது, உடன் பயணிப்பவர்கள் முன் ஓட்டுநரை வெட்கப்படுத்துவதும் இல்லை.

மூன்றாவது வசதி மிகப் பழையது, மிக எளியது, விளம்பரங்களில் பேசப்படாதது. ஸ்பீடு லிமிட்டரில் ஓட்டுநர் ஓர் உச்ச வேகத்தைத் தானே குறித்துவிடுகிறார்; அதன் பிறகு ஆக்சிலரேட்டரை வழக்கம்போல மிதித்தாலும் கார் அந்த எண்ணுக்கு மேல் போகாது. குரூஸ் கன்ட்ரோலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அது வேகத்தை நிலையாகப் பிடித்து வைப்பது, இது மேல்வரம்பை மட்டும் காப்பது, ஆகவே நகர நெரிசலிலும் பயன்படும். அவசரமாக விலக வேண்டிய நேரத்தில் மிதியை முழுவதுமாக அழுத்தினால் கட்டுப்பாடு விலகிவிடும். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. மற்ற இரண்டும் ஓட்டுநர் மீறும்வரை காத்திருந்து பேசுகின்றன. இதுவோ, சாலையில் இறங்கும்போதே, இங்கே நீ எவ்வளவு வேகம் போகப்போகிறாய் என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பதிலைச் சொன்னவர் பிறகு கேமராவையோ செயலியையோ அரசையோ நோக்கிக் கை நீட்டுவதற்கு இடமே இருப்பதில்லை. கண்ணும் ஸ்பீடோமீட்டரிலிருந்து விடுபட்டுச் சாலைக்குத் திரும்புகிறது. இதன் குறை, பல கார்களில் இது எஞ்சினை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, பிரேக் பிடிப்பதில்லை என்பது. செங்குத்தான இறக்கத்தில் குறித்த வேகத்தைத் தாண்டி கார் ஓடக்கூடும்.

என் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கேமரா எச்சரிக்கையை முற்றிலும் அணைத்திருக்கிறேன். வரம்பு அறிவிப்பு எப்போதும் இயங்குகிறது. வேஸில் வரம்பைத் தாண்டி எவ்வளவு சென்றபின் எச்சரிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். சலுகை எதுவும் இல்லாமல் வரம்பிலேயே எச்சரிக்கும்படி வைத்திருக்கிறேன், ஏனென்றால் பத்து கிலோமீட்டர் சலுகை கொடுத்தால் மனம் அந்தப் புதிய எண்ணையே வரம்பாக எடுத்துக்கொள்ளும். குடியிருப்புச் சாலைக்குள் நுழையும்போது லிமிட்டரைக் குறித்துக்கொள்கிறேன். புதிய கார் வாங்கப் போகிறவர்கள், சோதனை ஓட்டத்தின்போது லிமிட்டருக்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரிடம் கேட்டு, ஓடும் காரில் அதை இயக்கியும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கில் விரல் எட்டும் இடத்தில் இருந்தால் அது அன்றாடம் பயன்படும். தொடுதிரையில் மூன்று பக்கம் புரட்டித் தேட வேண்டியிருந்தால், பெயருக்கு மட்டுமே அந்தக் காரில் அந்த வசதி இருக்கிறது என்று கொள்ளலாம்.