யமஹா ஒய்சி61: ஆர்கனுக்குன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம், பியானோவுக்குன்னா கொஞ்சம் யோசிங்க

முதல்லயே சொல்லிடறேன், ஒய்சி61ங்கறது மேடைல வாசிக்கறதுக்குன்னே பண்ண கீபோர்டு, இதுல ரிதம் கிடையாது, தானா பக்கவாத்தியம் ஓட்டுற ஸ்டைல் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, தபலா ஷெனாய்னு நம்பி வாசிக்கிற மாதிரி நம்மூரு டோனும் கிடையாது. நம்ம பக்கம் கீபோர்டுன்னாலே யமஹா பிஎஸ்ஆர், கோர்க் பிஏ, இல்லன்னா இந்தியன் டோனுக்காக ரோலண்ட் எக்ஸ்பிஎஸ், இது மூணுல ஒண்ணுதான் எல்லார் கண்ணுலயும் வரும், அந்தப் பழக்கத்துல ஒருத்தர் இதப் பாத்தா "லட்சத்துக்கு மேல குடுத்து ஒரு ரிதம் பட்டன் கூட இல்லயாப்பா"ன்னுதான் கேப்பாங்க, என்னைய நிறைய பேரு கேட்டாச்சு. தனி ஆளா கல்யாண ரிசப்ஷன்ல உக்காந்து பெர்கஷன் முதக்கொண்டு நீங்களே ஓட்டுற ஆளுன்னா இந்த ரிவ்யூவ இங்கயே மூடிட்டுப் போயிடலாம், இது உங்களுக்கான பொருள் இல்ல. ட்ரம்ஸ், பேஸ் எல்லாம் ஆள் இருக்கு, கீபோர்டுல ஆர்கனும் பியானோவும் எலக்ட்ரிக் பியானோவும் ஒழுங்கா வந்தா போதும்னு இருக்கிறவங்களுக்குத்தான் மேல சொல்லப்போறேன். நான் வாசிக்கிறது ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, மத்த நாள்ல ஒரு லைவ் பேண்டுல, ரெண்டு இடத்துக்கும் இதத்தான் தூக்கிட்டுப் போறேன்.

ஆர்கன்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா காசு பூரா அதுக்குத்தான் குடுக்கறோம். ஹேமண்ட் ஆர்கன் 1935-ல வந்துச்சு, எல்லாரும் கொண்டாடுற பி-3 மாடல் 1954-ல, பெடல் பெஞ்ச் எல்லாம் சேத்து 180 கிலோவுக்கு மேல வரும், அதுக்குக் கூட லெஸ்லி ஸ்பீக்கர்னு, சத்தத்த சுத்தி விடுற மரப்பெட்டி ஒண்ணு தனியா. உள்ள 91 டோன்வீல் மோட்டார்ல சுத்திக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு சக்கரமும் ஒரு காயில் முன்னாடி சுத்தி ஒரு ஸ்வரத்த உண்டாக்கும், அதுல எது எவ்ளோ வேணும்னு இழுத்து விடுறதுதான் ட்ராபார். அந்த சத்தத்த அப்படியே கம்ப்யூட்டர் கணக்கா மாத்தி இந்த ஒய்சி61-ல 7.1 கிலோவுல யமஹாக்காரன் அடக்கி வெச்சிருக்கான், நீளம் 90 சென்டிமீட்டருக்கும் கம்மி, ட்ரெயின்ல அப்பர் பெர்த்துல ஏத்தி வெச்சுட்டு நிம்மதியா போகலாம்.

சாதாரண கீபோர்டுல ஆர்கன் டோன் இல்லயான்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா அது போட்டோ மாதிரி, எடுத்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் நிக்கும். ஆர்கன் வாசிக்கிறவன் இடது கை பாதி நேரம் கீல இருக்காது, ட்ராபார்லதான் இருக்கும். ஒய்சி61-ல ஒம்போது ட்ராபார் நிஜமாவே இழுக்கற மாதிரி இருக்கு, பட்டன் இல்ல, ஸ்க்ரீன்ல விரல் வெச்சுத் தடவுற சமாச்சாரமும் இல்ல. நான் சர்ச்சுல ஒரு பாமாலை எடுக்கறப்ப முதல் சரணத்துக்கு 00 8400 000-ல ஆரம்பிப்பேன், ஒம்போது ட்ராபாரும் 0-ல இருந்து 8 வரைக்கும் எவ்ளோ வெளிய இழுத்திருக்குங்கறதத்தான் அந்த ஒம்போது எண் சொல்லுது, அதாவது எட்டடியும் (சாதா சுருதி) நாலடியும் (ஒரு ஆக்டேவ் மேல) மட்டும், புல்லாங்குழல் மாதிரி மெதுவா இருக்கும், ரோட்டரி, அதாவது அந்த லெஸ்லி சுத்துற எஃபெக்ட்டு, ஸ்லோல. ரெண்டாவது சரணத்துல பதினாறடிய (ஒரு ஆக்டேவ் கீழ) அஞ்சு வரைக்கும் இழுத்தா கீழ ஒரு தரை விழும், கொயர் ஆண் குரலுக்குத் தெம்பு கிடைக்கும். அடுத்தடுத்த சரணத்துல மிச்ச ட்ராபார் ஒண்ணொண்ணா வெளிய வரும், கடைசிச் சரணத்துக்கு எல்லாத்தையும் எட்டுக்கு இழுத்துட்டு ரோட்டரிய ஃபாஸ்ட்டுக்குத் தட்டினா சபை தானா சத்தத்த ஏத்தும், நீங்க கையக் காட்ட வேண்டியதே இல்ல. முன்னாடியே சேவ் பண்ண பிரசெட் மாத்தி மாத்தி இத செய்யலாம்தான், ஆனா படி ஏறுற மாதிரி டக்கு டக்குன்னு தெரியும், இதுல பாடுறவங்களுக்கே தெரியாம ஏறும்.

அந்த ரோட்டரியப் பத்தித் தனியாவே சொல்லணும். நிஜ லெஸ்லில மேல் ஸ்வரத்துக்கு மேல ஹார்ன், கீழ் ஸ்வரத்துக்கு கீழ ட்ரம்னு ஒரு உருளை, ரெண்டும் தனித்தனியா சுத்தும், ஸ்லோல இருந்து ஃபாஸ்ட்டுக்கு மாத்துனா ஹார்ன் லேசா இருக்கறதால சட்டுனு வேகம் எடுத்துரும், ட்ரம் கனமா இருக்கறதால நிதானமா வரும். நல்ல சிமுலேஷனா இல்லையான்னு பாக்கறதுக்கு ஷோரூம்ல நான் பண்றது இதுதான்: வலது கைல மேல ஒரு நோட்டு, இடது கைல கீழ ஒரு நோட்டு, ரெண்டையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்பீட் பட்டனத் தட்டுவேன். ரெண்டும் ஒரே நேரத்துல வேகம் எடுத்தா அது வெறும் ட்ரெமோலோ எஃபெக்ட்டு, காசு வேஸ்ட்டு. ஒய்சி61-ல மேல் நோட்டு முந்திப் போகுது, கீழ் நோட்டு பின்னாடி இழுத்துட்டு வருது, அந்த நடுவுல வர்ற குழப்பமான ஓரிரு செகண்டுதான் ஆர்கனோட அழகே. ரோட்டரி ஏ, பின்னு ரெண்டு இருக்கு, எனக்கு ஏ போதும். ட்ரைவ் குமிழ பாதிக்கு மேல ஏத்துனா ராக்குக்கு வேணுங்கற கரகரப்பு வருது, ரொம்ப ஏத்துனா கொஞ்சம் தேனீ கூட்டுக்குள்ள தலைய விட்ட மாதிரி ஆகிடுது, அது என் காது.

டோன்வீல்ல எச்1, எச்2, எச்3ன்னு மூணு குணம் இருக்கு. ஜாஸ் பழகுறவங்க 88 8000 000 வெச்சு, பெர்கஷன் (இங்க தாளம் இல்ல, நோட்டு ஆரம்பத்துல விழற டொக்கு சத்தம்) தேர்ட் போட்டு, சத்தத்த லேசா அலைய விடுற கோரஸ சி3-ல வெச்சுப் பாருங்க, ஜாஸ் ஆர்கன் ஜாம்பவான் ஜிம்மி ஸ்மித் பேரோட எல்லாரும் சொல்ற செட்டிங் அது, இதுல போட்ட உடனே அந்த டொக்குங்கற முனை வந்துரும். இங்க ஒரு விஷயம், பிஎஸ்ஆர்ல இருந்து வர்றவங்க "பெர்கஷன் சில நோட்டுல வருது சில நோட்டுல வரல, பீஸ் கோளாறு"ன்னு சொல்லுவாங்க. கோளாறு இல்ல சாமி, பி-3-யே அப்படித்தான், எல்லா விரலையும் எடுத்துட்டுத் திரும்ப அடிச்சாத்தான் பெர்கஷன் விழும், கோத்து வாசிச்சா விழாது. எங்க விரல எடுக்கறோம்ங்கறதுதான் அங்க வாசிப்பே. அதே மாதிரி அழுத்தி அடிச்சாலும் மெதுவா அடிச்சாலும் ஒரே சத்தம்தான், சத்தத்த ஏத்தி இறக்கறது கால்ல, எக்ஸ்பிரஷன் பெடல்ல. இது ரெண்டும் கைல ஏறுற வரைக்கும் ஆர்கன் சப்புன்னுதான் கேக்கும், கீபோர்டக் குறை சொல்லிப் பிரயோசனமில்ல.

கீ வாட்டர்ஃபால் டைப், முன்பக்கம் உதடு மாதிரி நீட்டிட்டு இருக்காது, உள்ளங்கைய வெச்சு மேல இருந்து கீழ வழிச்சு விடலாம், கை கிழியாது. அந்த வழிச்சல் இல்லாம காஸ்பல்ங்கற சர்ச்சு இசைல ஆர்கன் கிடையாது.

எஃப்எம் ஆர்கன்னு இன்னொரு பக்கம் இருக்கு (எஃப்எம்னா ரேடியோ இல்ல, சத்தத்த மின்னணுவா உருவாக்கற ஒரு முறை), 60கள்ல வந்த ட்ரான்சிஸ்டர் காம்போ ஆர்கன் மாதிரி மெலிசா, கொஞ்சம் மூக்கால பாடுற சத்தம். பழைய பாட்டு ப்ரோக்ராம்ல ரெண்டு மூணு பாட்டுக்கு உதவும். சர்ச்சுல நான் தொட்டதே இல்ல.

ஆர்கன்ல குறைன்னு பாத்தா, ட்ராபார் ஒரே ஒரு செட்டுதான். மேல் மேனுவல், கீழ் மேனுவல்னு ரெண்டு கீ வரிசை வெச்சு ரெண்டு கைக்கும் தனித்தனி ஆர்கன் வேணும்னு பழகினவங்களுக்கு இது இடிக்கும். இன்னொண்ணு, நீங்க சேவ் பண்ண சவுண்ட கூப்பிட்டா ட்ராபார் தானா நகராது, பக்கத்துல இருக்கற எல்இடி மட்டும் உண்மையான அளவக் காட்டும். பகல்ல கோவில் திருவிழா மேடைல, மூஞ்சிக்கு நேரா வெயில் அடிக்கறப்ப அந்த எல்இடியப் பாத்து வாசிக்கறது கஷ்டம்தான், ராத்திரின்னா ஜோரா தெரியும்.

இப்ப பியானோ. சத்தம் நல்லா இருக்கு, அதுல ரெண்டாவது பேச்சு இல்ல, யமஹாவோட சிஎஃப்எக்ஸ் கான்சர்ட் கிராண்டுதான் உள்ள இருக்கு, பேண்டோட சேந்து வாசிக்கறப்ப கிட்டாரையும் மீறித் தெளிவா கேக்குது. பிரச்சனை சத்தத்துல இல்ல, விரலுக்குக் கீழ. 61 கீ, செமி வெயிட்டட்னு பாதி கனம்தான், ஆர்கனுக்கு வசதியா இருக்கற அந்த லேசான கீயே பியானோவுக்கு எதிரியாகுது. மெதுவா வாசிக்க நினைச்ச நோட்டு திடீர்னு எகிறும், அஞ்சு ஆக்டேவ்ல இடது கைய பரத்திப் போட்டு பேலட்னு மெதுவான பாட்டு வாசிக்கறப்ப கீழ இடம் தீந்துரும். அடிக்கற வேகத்துக்கு எவ்ளோ சத்தம் வரணும்னு வெக்கற வெலாசிட்டி கர்வ் மாத்திப் பாத்தா கொஞ்சம் அடங்குது, ஆனா கனம் கனம்தான், அத எந்த செட்டிங்கும் தராது. கிரேடு எக்ஸாமுக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு வீட்டுல பழக இத வாங்கித் தராதீங்க ப்ளீஸ், விரல் கெட்டுப் போயிடும், அதுல பாதி காசுக்கு நிஜ பியானோ மாதிரி கனமான ஹேமர் கீயோட 88 கீ டிஜிட்டல் பியானோவே கிடைக்கும்.

எலக்ட்ரிக் பியானோ கதை வேற. ஆர்டி (ரோட்ஸ்), டபிள்யூஆர் (வுர்லிட்சர்)னு பேர் போட்டு வெச்சிருக்கற பழைய எலக்ட்ரிக் பியானோ ரெண்டும், எஃப்எம் எலக்ட்ரிக் பியானோவும் இந்த லேசான கீல ரொம்ப நல்லா உக்காருது, மேல கொஞ்சம் ட்ரெமோலோவோ ஃபேசரோ போட்டா ராத்திரி ஒரு மணிக்குக்கூட எந்திரிக்க மனசு வராது. ஆர்கன் கீழ, எலக்ட்ரிக் பியானோ மேலன்னு ஸ்ப்ளிட்டும் பண்ணலாம், பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் லேயரும் பண்ணலாம், எல்லாம் முன்னாடி பேனல்லயே, மெனுவுக்குள்ள நுழைய வேண்டிய வேலை கம்மி. ஒரு சவுண்டுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுறப்ப பிடிச்சு வெச்ச நோட்டு அறுந்து போறதில்ல, ஸ்டேஜுல இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு அறுந்து அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

மேடைல இத மாட்டுறப்ப கவனிக்க வேண்டியது மோனோ. நம்மூர் சவுண்ட் சர்வீஸ்ல கீபோர்டுக்கு ஒரு கேபிள்தான் குடுப்பாங்க, "ஒரு லைன் போதும்ணே"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. ரோட்டரி ஸ்பீக்கரோட உயிரே இடதுக்கும் வலதுக்கும் சுத்துறதுலதான் பாதி இருக்கு, ஒரே லைன்ல போட்டா வீட்டுல ஹெட்ஃபோன்ல கேட்ட அந்தப் பரப்பு காணாம போயிரும், பியானோவும் ஒல்லியா கேக்கும். முடிஞ்ச வரைக்கும் ரெண்டு லைன் கேட்டு வாங்குங்க, தரலன்னா எல் மோனோ ஜாக்குல மட்டும் மாட்டி, மோனோல எந்தப் பியானோ ஒழுங்கா நிக்குதுன்னு வீட்டுலயே கேட்டு அத சேவ் பண்ணி வெச்சுக்கங்க. அவுட்புட் சாதா ஜாக்குதான், மிக்சர் தூரமா இருந்தா, இரைச்சல் ஏறாம சிக்னல அனுப்பற டிஐ பாக்ஸ் கட்டாயம், ஜெனரேட்டர்ல ஓடுற மேடைன்னா ஹம்மு பிச்சு எடுத்துரும்.

மத்ததோட ஒப்பிட்டா, பட்ஜெட் இடிக்குதுன்னா ரோலண்ட் விஆர்-09 பாருங்க, அதுலயும் ஒம்போது ட்ராபார் இருக்கு, எடை அஞ்சரை கிலோதான், பேட்டரிலயும் ஓடும், வாசிச்சதத் திரும்பத் திரும்ப ஓட்டற லூப்பரும் ரிதமும் கூட இருக்கு, ஆனா கீ சாதாரண சின்த் கீ, ஆர்கன்ல அந்த ஆழம் இல்ல. காசு பிரச்சனையே இல்லன்னா நார்ட் எலக்ட்ரோ 6டி, பியானோவ அவங்க லைப்ரரில இருந்து இஷ்டத்துக்கு இறக்கி மாத்திக்கலாம், ஒய்சில அது முடியாது, யமஹா அப்டேட்ல என்ன தர்றாங்களோ அதுதான். ஆனா நார்டுக்கு இங்க குடுக்கற விலைக்கும் அதுல கூட கிடைக்கறதுக்கும் எனக்குக் கணக்கு ஒத்து வரல. பியானோதான் முக்கியம், ஆர்கன் தொட்டுக்கன்னா இதே குடும்பத்துல ஒய்சி73 இருக்கு, ஹேமர் கீ, ஆனா எடை கிட்டத்தட்ட டபுள், உள்ளங்கை வழிச்சலும் அதுல சுகப்படாது. ரெண்டும் சரியா வேணும்னா ரெண்டு கீபோர்டு, ரெண்டு அடுக்கு ஸ்டாண்டு, வேற வழி கிடையாது.

வாங்க முடிவு பண்ணீங்கன்னா பட்ஜெட்டுல பெடலுக்குத் தனியா ஒதுக்கி வைங்க. எக்ஸ்பிரஷன் பெடல் பெட்டில வராது, அது இல்லாம ஆர்கன் வாசிக்கறதுல அர்த்தமே இல்ல, யமஹாவோட எஃப்சி7 நல்லாவே உழைக்குது. ரோட்டரி ஸ்பீட மாத்த கால்ல ஒரு சுவிட்ச்சும் வெச்சுக்கங்க, ரெண்டு கையும் மாட்டிக்கிட்டு இருக்கறப்பதான் ஃபாஸ்ட் தேவைப்படும். செகண்ட் ஹேண்டுல பாக்கறீங்கன்னா கீய விட முதல்ல ட்ராபார் ஒம்போதையும் மெதுவா இழுத்துப் பாருங்க, தூசி போயிருந்தா நடுவுல சத்தம் தாவும், கரகரங்கும், நம்ம ஊரு புழுதிக்கு துணி கவர் போடாம விட்ட பீஸுன்னா பத்துல எட்டு அப்படித்தான் இருக்கும், விலைய அடிச்சுக் கேளுங்க.